தூக்கினால் கத்தும் சின்ன நாய்: கழுத்து மூட்டு ஆட்டமும் மூளைக் கோளாறுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் வேலை செய்கிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலும் சின்ன நாய்கள்தான்: பாம், ஷிட்சூ, டாய் பூடில், சிவாவா. சில நாய்களுக்குக் கழுத்து மூட்டு ஆடுகிறது என்று மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். சில நாய்களை மேசையில் ஏற்றும்போதே எனக்குச் சந்தேகம் வந்து, வேலையைத் தொடங்காமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். அதன்பிறகு எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் நாயைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

"கழுத்து எலும்பு விலகியிருக்குன்னு டாக்டர் சொன்னார். ஒண்ணும் புரியலக்கா. அது என்ன?"

நாயின் கழுத்தில் ஏழு எலும்புகள் உண்டு. முதல் எலும்புக்கு அட்லஸ் என்றும் இரண்டாவதற்கு ஆக்சிஸ் என்றும் பெயர். மற்ற எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டு இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடையாது. திருகைக் கல்லின் நடுவில் நிற்கும் முளையைச் சுற்றி மேல்கல் சுழல்கிறது அல்லவா, அதுபோல ஆக்சிஸில் இருந்து நீண்டிருக்கும் டென்ஸ் என்ற எலும்பு முளையைச் சுற்றித்தான் அட்லஸ் சுழல்கிறது. நாய் தலையைத் திருப்புவது இதனால்தான். அந்த முளை விலகாமல் இருக்க உறுதியான நார்கள் அதை இழுத்துக் கட்டியிருக்கின்றன.

முளை சரியாக வளராமல் போனாலோ, நார்கள் பலவீனமாக இருந்தாலோ, அறுந்தாலோ இரண்டு எலும்புகளும் ஒன்றை விட்டு ஒன்று நழுவும். தலை குனியும்போது ஆக்சிஸ் மேல்நோக்கி எழும்பி, உள்ளே போகும் தண்டுவடத்தை நசுக்கும். மூளையிலிருந்து நான்கு கால்களுக்கும் மூச்சுத் தசைகளுக்கும் போகும் எல்லாக் கட்டளைகளும் இந்த ஒரு இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இடுப்பில் தண்டுவடம் நசுங்கினால் பின்னங்கால்கள் போகும். இங்கே நசுங்கினால் நான்கு கால்களும் போகலாம், மூச்சே நின்றும் போகலாம்.

"எங்க நாய் எங்கேயும் விழல, அடியும் படல. அப்புறம் எப்படி வந்துச்சு?"

இது பெரும்பாலும் பிறவிக் கோளாறு. யார்க்ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில், பொமரேனியன், மால்டீஸ், பெக்கினீஸ் போன்ற குட்டை இனங்களில்தான் அதிகம். அறிகுறி பொதுவாக இரண்டு வயதுக்குள் தெரிய ஆரம்பிக்கும், ஆனால் தாமதமாக வெளிப்படுவதும் உண்டு. உள்ளே பலவீனம் இருந்தால் கட்டிலிலிருந்து குதிப்பது, கழுத்துப் பட்டையில் ஒரு வெட்டி இழுப்பு, இன்னொரு நாயோடு உருண்டு விளையாடுவது, இவ்வளவே போதும். "சின்னதாத்தான் குதிச்சுது" என்று வீட்டார் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். நாய்களில் இந்தக் கோளாறு 1967-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் நம் தெருக்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெரு நாய் என்று எந்த நாய்க்கும் வண்டி மோதி இதே மூட்டு உடையலாம். எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி சாலைப் பக்கம் அடிபட்ட நாயைத் தூக்கப் போகிறவர்கள் கழுத்து உடைந்திருக்கக்கூடும் என்று எண்ணியே கையாள வேண்டும்.

"எங்க வீட்டுப் பாம் நாய்க்கும் வருமா?"

நம் ஊரில் பல வருடமாக "பாம்" என்று சொல்லி வளர்க்கப்படும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். மூக்கு நீண்டு, உடம்பு சற்றுப் பெரிதாக இருக்கும். அதற்கு ஆபத்து குறைவு. இப்போது டாய் பாம், டீகப் என்று விற்கப்படும், இரண்டு கிலோவைத் தாண்டாத நாய்க்குத்தான் கவலை அதிகம். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கீழே சொல்லும் அறிகுறிகள் இருந்தால் இனத்தைப் பற்றி யோசிக்காமல் காட்டிவிடுங்கள்.

"தூக்கினா கத்துது. ரொம்ப செல்லம் கொடுத்துட்டீங்க, நடிக்குதுன்னு வீட்ல சொல்றாங்க. அப்படியா?"

இல்லை. நான் அடிக்கடி கேட்பதும் என்னை அதிகம் வருத்துவதும் இந்தக் கேள்விதான். நாய் கவனம் வேண்டுமென்றால் குரைக்கும், காலைச் சுரண்டும், பந்தைக் கொண்டுவந்து போடும். தூக்கும் நொடியில், தலையைத் தடவும் நொடியில், கட்டிலிலிருந்து இறங்கும் நொடியில் வீறிட்டுக் கத்தினால் அங்கே வலிக்கிறது என்று பொருள். வேறென்ன பார்க்க வேண்டும்? தலையைத் தாழ்த்தி, கழுத்தை விறைப்பாக வைத்து நடக்கும். கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பும். தரையில் வைத்த கிண்ணத்துக்குக் குனியத் தயங்கும். பாதம் மடங்கி, மேல்புறம் தரையில் உரசும். பின்னங்கால்கள் தள்ளாடும், முன்னங்கால்களும் தடுமாறும்.

வலியே காட்டாத நாய்களும் உண்டு. அவை கத்தாது, படி ஏறும்போது தடுமாறுவதும், வழுக்கு டைல்ஸில் கால் விரிந்து விழுவதும் மட்டும்தான் தெரியும். இன்னொன்று, அறிகுறி வந்து வந்து போகும். நேற்று கத்தியது இன்று ஓடுகிறது என்பதால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கத்தும்போதும் தடுமாறும்போதும் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனை மேசையில் பயத்தில் விறைத்து நிற்கும் நாய் எதையும் காட்டாது. அந்த வீடியோதான் மருத்துவருக்கு உதவும்.

"சுளுக்கா இருக்கும், எண்ணெய் போட்டு நீவிவிட்டா போயிடும்னு பெரியவங்க சொல்றாங்களே?"

தயவுசெய்து வேண்டாம். மனிதருக்குச் சுளுக்கு எடுப்பவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் நாயின் கழுத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன மூட்டு ஏற்கெனவே நழுவியிருந்தால், தலையை ஒரு சொடுக்குச் சொடுக்கினாலே நாய் அங்கேயே மூச்சு நின்று இறந்துபோகலாம். எலும்புக் கட்டு வைத்தியமும் இதற்கு ஆகாது. நோய் என்னவென்று தெரியாத கழுத்தை யாரும் திருப்பக் கூடாது, நானும் நீங்களும் உட்பட.

வீட்டு மாத்திரைகளும் வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைவிட முக்கியமாக, நீங்கள் ஒரு வலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போய், அங்கே மருத்துவர் தெரியாமல் ஸ்டீராய்டு போட்டால் இரண்டும் சேர்ந்து குடலில் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம். எதையாவது கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"டிஸ்டம்பர் வந்திருக்கும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. உண்ணிக் காய்ச்சலா கூட இருக்கலாமாமே?"

இருக்கலாம், அதனால்தான் காட்டச் சொல்கிறேன். டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயில் பெரும்பாலும் காய்ச்சல், கண் மூக்கில் சளி, பிறகு தசை வெட்டி வெட்டி இழுப்பது, வலிப்பு என்று போகும். தடுப்பூசி போடாத குட்டியென்றால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். உண்ணிக் காய்ச்சலில் நாய் சோர்ந்து சாப்பிடாமல் கிடக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். டாய் இனக் குட்டி சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கியே தள்ளாடும். மூளை உறை அழற்சியிலும், கழுத்து வட்டு பிதுங்கினாலும் கழுத்து வலிக்கும்.

தடுப்பூசி போடாத நாயோ, வெளி நாய் கடித்த நாயோ திடீரென்று தடுமாறி எச்சில் ஒழுகினால் ரேபிஸையும் நினைக்க வேண்டும். வாய்க்குள் கை விடாதீர்கள். உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

"ராத்திரி திடீர்னு நாலு காலும் வரல. எப்படித் தூக்கிட்டுப் போறது?"

பலகையில். டாய் நாய்க்கு ஒரு மணைப்பலகையோ பெரிய டிரேயோ போதும். பெரிய நாய்க்கு பிளைவுட் துண்டு. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்படி இரண்டு பேராகப் பக்கவாட்டில் சரித்துப் பலகைக்கு மாற்றுங்கள். தலையின் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி வையுங்கள். மார்பிலும் இடுப்பிலும் மட்டும் துப்பட்டாவால் தளர்வாகக் கட்டுங்கள். கழுத்தின் மேல் எந்தக் கட்டும் வேண்டாம். பட்டை இருந்தால் கழற்ற முயன்று இழுக்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது, பிடரித் தோலைப் பிடித்துத் தூக்குவது, குழந்தை மாதிரி தோளில் போடுவது மூன்றும் கூடாது.

மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு கொடுக்காதீர்கள். விழுங்குவதும் சிரமமாக இருக்கலாம். ஆட்டோவில் பலகையைக் கால் வைக்கும் இடத்தில் சமமாக வைத்து, வேகத்தடைகளில் நின்று நிதானமாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் தாமதமானாலும் குழி இல்லாத வழியே நல்லது. வடசென்னைக்காரர்கள் பெரும்பாலும் போவது வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. கிளம்பும் முன் நீங்கள் போகும் இடத்தில் அந்த நேரத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வாசலிலேயே "கழுத்து, நாலு காலும் வரல" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் பார்த்துத் தூக்குவார்கள்.

"எக்ஸ்ரே எடுத்தாச்சு. அப்புறமும் சி.டி., எம்.ஆர்.ஐ. எதுக்கு? பணம் பிடுங்கவா?"

எக்ஸ்ரேயில் அட்லஸுக்கும் ஆக்சிஸுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிந்தாலே சில நேரம் பதில் கிடைத்துவிடும். ஆனால் லேசான ஆட்டம் நேராகப் படுத்திருக்கும்போது தெரியாது. அதற்காகத் தலையை நன்றாக மடக்கிப் படம் எடுத்தால் நாயின் உயிருக்கே ஆபத்து. மயக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் விழித்திருக்கும் நாய் தன் கழுத்துத் தசையை இறுக்கி மூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. மயக்கத்தில் அந்தக் காவல் போய்விடும்.

சி.டி. எலும்பைக் காட்டும்: முளை இருக்கிறதா, உடைந்ததா, திருகாணி போட இடம் இருக்கிறதா என்று. எம்.ஆர்.ஐ. தண்டுவடத்தையும் மூளையையும் காட்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. அறுவை செய்யும் எண்ணமே இல்லையென்றால் எல்லாப் படமும் தேவையா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அதைக் கேட்பதில் தவறே இல்லை.

"தோல்ல ஒண்ணும் இல்ல, ஆனா நடக்கும்போதே காத்துல சொறியுது. அதுவும் இதுதானா?"

இது கியாரி கோளாறாக இருக்கலாம். 1891-இல் ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய மருத்துவர் மனிதர்களிடம் விவரித்ததை ஒத்திருப்பதால் நாய்க்கும் அந்தப் பெயர். பிடரிப் பக்கம் மண்டையோடு சிறுத்துப்போய், உள்ளே இடம் போதாமல் சிறுமூளை கீழ்ப்பக்கத் துளை வழியாகப் பிதுங்கும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்குப் போய்வரும் நீரின் ஓட்டம் அங்கே தடைபடும். நாளடைவில் தண்டுவடத்துக்குள்ளேயே நீர்ப் பைகள் உண்டாகும். அதற்கு சிரிங்கோமைலியா என்று பெயர். கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலில் மண்டையோட்டுக் குறை ஏறக்குறைய எல்லா நாய்க்குமே இருக்கிறது. சிவாவா, பொமரேனியனிலும் பார்க்கலாம். குறை இருக்கும் எல்லா நாய்க்கும் தொல்லை வருவதில்லை.

அடையாளம்: பெரும்பாலும் ஒரே பக்கத் தோளை நோக்கிப் பின்னங்கால் காற்றில் சொறியும், தோலைத் தொடாது. பட்டை மாட்டினால், மகிழ்ச்சியில் துள்ளினால் அதிகமாகும். ராத்திரி தூக்கத்தில் கத்தி எழுந்துகொள்ளும், தலையை உயர்த்தி வைத்துத் தூங்கப் பார்க்கும். முதலில் காதுப் புண், உண்ணி, தோல் ஒவ்வாமை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை ஈரப்பதத்தில் அவைதான் சகஜம். அவை இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. மட்டுமே சொல்லும். கபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகளில் பல நாய்கள் நிம்மதியாக வாழ்கின்றன. மனிதருக்கான திரவ மருந்தைக் கடையில் நீங்களே வாங்காதீர்கள். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்திருக்கும், அது நாய்க்கு நஞ்சு. மண்டையோட்டின் பின்பகுதியை அகலப்படுத்தும் அறுவையும் உண்டு. வலி குறையும், ஆனால் உள்ளே உண்டான நீர்ப் பை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

"குட்டிக்குத் தலை உருண்டையா, உச்சி மெத்துனு இருக்கு. நல்ல ஜாதின்னு கடைக்காரர் சொன்னாரே?"

சிவாவாவுக்கு உச்சியில் சின்ன இடைவெளி இருப்பது சகஜம். அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் தலை குவிந்து பெரிதாக, இரண்டு கண்ணும் வெளிப்பக்கமாகக் கீழே பார்த்தபடி, குட்டி வட்டமாகச் சுற்றிக்கொண்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு, எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எதையும் கற்றுக்கொள்ளாமல், வலிப்பும் வந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். அந்த உச்சி இடைவெளி வழியாகவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கலாம், மயக்கம் தேவையில்லை. நீரைக் குறைக்கும் மாத்திரைகள் சில நாய்களுக்குக் கை கொடுக்கும். மூளையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைக்கும் அறுவையும் உண்டு.

"ஒரே நாய்க்கு இதெல்லாம் சேர்ந்து வருமா?"

வரும். மண்டையோடும் கழுத்தும் சேரும் இடம் முழுவதுமே சரியாக உருவாகாத நாய்களில் மூட்டு ஆட்டம், கியாரி, தண்டுவட நீர்ப் பை, மூளை நீர் என்று இரண்டு மூன்று சேர்ந்து காணப்படும். சில நாய்களில் அட்லஸ் முன்னே தள்ளி மண்டையோட்டின் துளைக்குள்ளேயே நுழைந்திருக்கும். இதனால்தான் மேலே இரண்டு படங்களைப் பற்றிச் சொன்னேன். ஒன்றை மட்டும் சரிசெய்து, வலிக்குக் காரணமான இன்னொன்றை விட்டுவிட்டால் அறுவைக்குப் பிறகும் நாய் கத்திக்கொண்டே இருக்கும்.

"ஊசி போட்டதும் நல்லா ஓடுது. சரியாயிடுச்சுதானே?"

மூட்டு அப்படியேதான் இருக்கிறது. ஸ்டீராய்டு தண்டுவட வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறது, அவ்வளவுதான். இதுவரை வலிக்குப் பயந்து அசையாமல் இருந்த நாய் இப்போது குதிக்கும். பல வீடுகளில் இரண்டாம் முறை படுக்கையில் விழுவது இந்த நல்ல நாட்களில்தான். மருந்து கொடுக்கும் காலம் முழுவதும் கூண்டு ஓய்வு கட்டாயம். கூண்டு என்றால் எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடம். தாவ உயரம் இருக்கக் கூடாது.

"ஆபரேஷன் இல்லாம சரி பண்ண முடியாதா?"

லேசான அறிகுறி, இளம் வயது, பணமின்மை, எலும்பு இன்னும் திருகாணி தாங்காத குட்டி என்றால் மருத்துவர்கள் கட்டுப் போட்டு முயல்வார்கள். தலையிலிருந்து மார்பு வரை வரும் உறுதியான கட்டு அது. கழுத்தை மட்டும் சுற்றினால் பயனில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை கட்டும் கூண்டும். அதற்குள் அந்த இடத்தில் தழும்புத் திசு உண்டாகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் எதிர்பார்ப்பு. பாதிக்கு மேற்பட்ட நாய்கள் இப்படித் தேறியிருக்கின்றன, ஆனால் பிறகு மீண்டும் நழுவும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

நம் வெயிலும் வியர்வைக் காற்றும் இந்தக் கட்டுக்குப் பெரிய எதிரி. உள்ளே ஈரம் தேங்கிப் புண் வரும், காது அழுகும், சில நேரம் புழுவே வைக்கும். மின்விசிறிக்கு நேரே கூண்டை வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை வாய் உயரத்துக்கு ஏற்றி வைத்து, சிந்தினால் உடனே துடையுங்கள். தினமும் கட்டின் ஓரத்தை முகர்ந்து பாருங்கள். நாற்றம் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், நீங்களே அவிழ்க்கக் கூடாது. மூச்சு விடத் திணறினால் கட்டு இறுக்கம். அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

"ஆபரேஷன் பண்ணா பிழைக்குமா?"

கழுத்தின் தொண்டைப் பக்கம் வழியாகப் போய் இரண்டு எலும்புகளையும் திருகாணி, எலும்புச் சிமெண்ட் வைத்து ஒன்றாகப் பிணைப்பார்கள். இரண்டு கிலோ நாயில் அந்தத் திருகாணி ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன்தான், பக்கத்திலேயே தண்டுவடம். இது எல்லாரும் செய்யும் அறுவை இல்லை. இதற்கு முன் செய்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். பழைய அறுவைகளில் பத்தில் ஒன்றோ அதற்கு மேலோ அறுவையின்போதும் அதை ஒட்டியும் இறந்திருக்கின்றன. மூச்சுக் கோளாறு, நுரையீரல் அழற்சி, திருகாணி கழன்றுபோவது எல்லாம் காரணங்கள். தாண்டி வந்தவற்றில் பெரும்பாலானவை நன்றாக நடக்கின்றன. இளம் வயதிலேயே, நோய் முற்றுவதற்குள், இன்னும் நடக்கும் நிலையில் போகும் நாய்க்கு வாய்ப்பு அதிகம். கடைசிக் கட்டம் வரை காத்திருந்து பார்க்கலாம் என்ற யோசனைக்கு நான் எதிரி என்பது இதனால்தான்.

"வீட்ல என்னென்ன மாத்தணும்?"

கழுத்துப் பட்டையை இன்றே கழற்றுங்கள். மார்பில் அழுத்தம் விழும் பாடி பெல்ட் வாங்குங்கள்; இழுத்தால் மேலேறிக் கழுத்தில் ஏறக் கூடாது. லைசன்ஸ் வில்லை, திருஷ்டிக் கயிறு எல்லாவற்றையும் அதிலேயே கட்டிவிடலாம். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நாயை நிற்கவைத்துப் போவதை நிறுத்துங்கள். ஒரு பிரேக்கில் தலை முன்னே வெட்டும். ஹவுசிங் போர்டு மாடிப்படிகளில் ஒரு கை மார்புக்கு அடியிலும் இன்னொரு கை பின்புறத்திலும் கொடுத்துத் தூக்கிப் போங்கள். கட்டில், சோபா இரண்டும் இனி கிடையாது. டைல்ஸ் மேல் பழைய பாய், சாக்கு விரியுங்கள். பிள்ளைகளிடம் தரையில் உட்கார்ந்து விளையாடச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து கழுத்தை மடக்கிக்கொள்ளும். முடி வெட்டக் கொண்டுபோகும் இடத்தில், மேசையில் கழுத்துச் சுருக்கு மாட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சடை பிடித்த முடியைச் சீப்பால் இழுக்காமல் மழித்துவிடச் சொல்லுங்கள். அழகு கொஞ்ச நாள் போனால் பரவாயில்லை.

"இப்போ நல்லாத்தான் இருக்கு. ஒரு ஈத்து குட்டி எடுத்துக்கலாமா?"

வேண்டாம். அந்த நாயிலிருந்தும் அதன் உடன்பிறந்தவற்றிலிருந்தும் குட்டி எடுக்காமல் இருப்பதுதான் நியாயம். குட்டி வாங்கிய இடத்தில் விஷயத்தைச் சொல்லுங்கள். கோபப்பட்டாலும் சொல்லுங்கள், அதே தாய் அடுத்த ஈத்துக்குத் தயாராக இருக்கும்.

"அடுத்த தடவை குட்டி வாங்கும்போது எப்படிப் பார்த்து வாங்கறது?"

தாயைக் காட்டச் சொல்லுங்கள். "ரொம்பச் சின்னது, டீகப்" என்பது விலையை ஏற்றும் சொல். நாயின் எலும்புக்கு அது கெட்ட செய்தி. பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கையளவு குட்டியை ஒரு மாதம் என்று சொல்லி நீட்டுவார்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. குட்டி நேராக நடக்கிறதா, கிண்ணத்துக்குக் குனிகிறதா, கூப்பிட்டால் தலையைத் திருப்புகிறதா என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அவசரப்படுத்துகிற இடத்தில் வாங்காதீர்கள்.

"இவ்வளவு செலவு நம்மால ஆகாது. ஊசி போட்டு முடிச்சிடுங்கன்னு சொல்றாங்க. என்னக்கா பண்றது?"

பணமும் படமும் வருவதற்கு முன்பே செய்யக்கூடியவை இருக்கின்றன: பட்டையைக் கழற்றுவது, கூண்டு, நேரடிப் பரிசோதனை, ஒரு எக்ஸ்ரே, வலி மருந்து, தேவைப்பட்டால் கட்டு. நடக்கக்கூடிய, தானே சிறுநீர் கழிக்கக்கூடிய நாய்க்கு இவ்வளவையும் செய்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணம். நாளை மருத்துவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: கட்டோடு முயன்றால் வாய்ப்பு எப்படி, வலியை அடக்க முடியுமா, எத்தனை வாரத்தில் தெரியும்?

மூச்சு விடத் திணறிக்கொண்டு, நான்கு காலும் உணர்ச்சியின்றி, மருந்துக்கும் வலி அடங்காமல் கிடக்கும் நாயை ஊசி போட்டு முடித்துவிடும்படி மருத்துவர் சொன்னால், அதைச் செய்தவர்களை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நீங்களும் அவர்களைக் குறை சொல்லாதீர்கள். கூடவே இருந்து, தலையைத் தூக்காமல், நெற்றியில் கை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு சின்ன நாய் இருந்தால் அதன் பட்டையையும் மாற்றிவிடுங்கள்.